முப்புடாதி எழுந்து நின்றாள்

அந்தக் கை எதைத் தள்ளுகிறது என்றுதானே கேட்கிறீர்கள்? வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். சிலை என்றால் பார்த்த மாத்திரத்தில் விளங்க வேண்டும், தம்பி. பஸ்ஸில் போகிறவன் ஜன்னல் வழியாக ஒரு நொடி பார்க்கிறான். அந்த ஒரு நொடியில் அவன் நெஞ்சு நிமிர வேண்டும். இவளைப் பார்த்தால் யாருக்கு நெஞ்சு நிமிரும்? நடுத்தெருவில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள், பல்லைக் காட்டிக்கொண்டு.

இருங்கள், இருங்கள், அதற்குள் படம் எடுக்காதீர்கள். முதலில் கேளுங்கள், பிறகு எடுங்கள். கேட்காமல் எடுத்துக்கொண்டு போய் எழுதுகிறவர்களால்தான் இந்த நாட்டின் வரலாறு இந்த லட்சணத்தில் இருக்கிறது. இந்தப் பக்கம் வாருங்கள். அங்கே வெயில். தவிர, லாரிக்காரர்கள் இந்த வளைவில் பார்த்துத் திரும்ப மாட்டார்கள்.

என் பெயர் மந்திரமூர்த்தி. மேலப்பொய்கை பீடித் தொழிலாளர் சங்கத்தை உண்டாக்கியவன். சாமி பெயரை வைத்துக்கொண்டு சாமி இல்லை என்கிறாயே என்று ஊரில் கேலி செய்வார்கள். மாற்றிக்கொள்ளத்தான் நினைத்தேன். அதற்குள் முதல் துண்டறிக்கையில் பெயர் அச்சாகிவிட்டது. அச்சான பிறகு மாற்றக் கூடாது, அது என் கொள்கை. நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். மீதியெல்லாம் துண்டறிக்கைகளில் படித்தேன். உலகத்தில் நடந்த எல்லாப் புரட்சியும் எனக்குத் தெரியும், ஒவ்வொன்றும் எட்டுப் பக்கத்துக்குள். அதற்கு மேல் எழுதுகிறவன் தொழிலாளிக்காக எழுதவில்லை.

நீங்கள் சிலைகளைப் பற்றி எழுதுகிறவர் என்றீர்கள். நல்லது. சிலைக்கு இலக்கணம் உண்டு. கோயில் சிலைக்கு மட்டும்தான் இலக்கணம் என்று நினைக்கிறார்கள், தப்பு. நாம் சாமி இல்லை என்கிறவர்கள். நமக்குத்தான் இலக்கணம் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். வலது கை ஓங்கியிருக்க வேண்டும். முஷ்டி மடங்கியிருக்க வேண்டும், கட்டைவிரல் வெளியே. இடது கால் ஒரு அடி முன்னால். பார்வை கூட்டத்தின் தலைக்கு மேலே, தூரத்தில். வாய் மூடியிருக்க வேண்டும். தியாகி சிரிக்கக் கூடாது. முக்கியமாக, நிற்க வேண்டும். உட்கார்ந்திருப்பவர்கள் இரண்டே பேர், முதலாளியும் சாமியும். தொழிலாளி நிற்பான். இதை ஒரு துண்டறிக்கையாகவே போட்டிருக்கிறேன்.

இவள் நின்றாள். அதைச் சொல்லத்தான் உங்களை நிறுத்தினேன்.

இந்த ஊரில் அப்போது வீட்டுக்கு வீடு பீடி. பெண்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு விடிந்ததிலிருந்து சுற்றுவார்கள். கம்பெனி இலையும் புகையிலைத் தூளும் கொடுக்கும். ஈர இலையைக் கொடுத்துவிட்டு, சுற்றிய பீடி சரியில்லை என்று பாதியைக் கழித்துவிடுவான் கம்பெனிக் கடைக்காரன். அதற்காகத்தான் வேலைநிறுத்தம். மழைக்காலம் முழுக்க நடந்தது. முப்புடாதி அதில் ஒருத்தி. ஒருத்திதான், தலைவி கிலைவி எல்லாம் இல்லை. முன்பல் இரண்டும் தூக்கலாக இருக்கும். வாய் அதைவிடத் தூக்கல். நான் கூட்டத்தில் உலக நிலைமையைச் சொல்லிக்கொண்டிருப்பேன். அவள் பின்னாலிருந்து, "அண்ணாச்சி, அந்த நாட்டு விசயமெல்லாம் சரிதான். இங்கன இலை நனைஞ்சு வருதே, அதுக்கு என்ன செய்யப் போறிய?" என்பாள். பெண்கள் கொல்லென்று சிரிப்பார்கள். அவளை நான் ஒரு தரம் கூட்டத்தைவிட்டு வெளியே போகச் சொல்லியிருக்கிறேன். போனாள். வாசலில் உட்கார்ந்துகொண்டு அங்கிருந்து கேட்டாள், அதே கேள்வியை.

வேலைநிறுத்தத்தை உடைக்கக் கம்பெனி வெளியூர் ஆட்களுக்கு இலை கொண்டுபோகத் தொடங்கியது. லாரி இந்த வளைவைத் தாண்டித்தான் போக வேண்டும். மறியல் என்று முடிவு செய்தேன். பெண்களை இங்கேதான், இந்தச் சாலையில், வரிசையாக உட்கார வைத்தேன். உட்காருவதற்கும் பயிற்சி கொடுத்தேன். கை கோத்துக்கொள்ள வேண்டும், பேசக் கூடாது, பயம் வந்தால் கோஷம் போட வேண்டும். எல்லாம் சொல்லிக் கொடுத்தேன்.

அன்றைக்கு நான் இங்கே இல்லை. அச்சகத்தில் இருந்தேன். மறியல் வெற்றி என்று அறிக்கை அடிக்க வேண்டாமா? நடந்த பிறகு எழுதினால் மறுநாள்தான் வரும். நடப்பதற்கு முன்பே எழுதினால் அன்றைக்கே ஊருக்குப் போகும். போராட்டம் நடத்தத் தெரிந்தவனுக்கு இது தெரியும். அச்சுக் கோத்துக்கொண்டிருக்கும்போது ஆள் வந்தது. லாரி நிற்கவில்லை, முப்புடாதி போய்விட்டாள் என்று.

நான் அழவில்லை. அழ நேரமில்லை. கோத்ததைக் கலைக்கச் சொல்லிவிட்டு அங்கேயே நின்றபடி புதிதாக எழுதினேன். என் வாழ்க்கையில் எழுதியதிலேயே அதுதான் சிறந்த வாக்கியம். 'கொலைகார லாரி பாய்ந்து வந்தது, முப்புடாதி எழுந்து நின்றாள்.' வேறொன்றும் வேண்டாம். அந்த ஒரு வாக்கியத்தை அடுத்த வருஷம் எட்டு ஊர்களில் சுவரில் எழுதினார்கள்.

அவள் நின்றதைப் பார்த்தீர்களா என்று கேட்கிறீர்கள். பார்க்க வேண்டிய அவசியம் இல்லை, தம்பி. வரலாற்றின் போக்கு தெரிந்தவனுக்கு அது எங்கே எழுந்து நிற்கும் என்று தெரியும்.

பிறகு படம். அவளுக்குப் படமே கிடையாது. கல்யாணத்தில் எடுத்த ஒன்று இருந்தது, அதிலும் தலை குனிந்திருந்தாள், உச்சி வகிடுதான் தெரிந்தது. ஊரில் நயினார் என்று ஒரு ஓவியன். கோயில் கொடைத் திருவிழாவுக்குத் தட்டி வரைவான், சினிமாக் கொட்டகைக்கு வரைவான். அவனிடம் போனேன்.

"காலையில வேணும்னா புதுசா வரைய முடியாது அண்ணாச்சி," என்றான். "கொடைக்கு வரைஞ்ச காளி ஒண்ணு காயாமக் கிடக்கு. சூலத்தை அழிச்சிட்டுக் கொடியை வச்சிருவமா?"

"கை?"

"கை அப்படியே இருக்கட்டும். ஓங்குன கைதான. மிச்ச ஆறையும் அழிச்சிருதேன்."

"நாக்கு வெளியே தொங்குகிறதே."

"உள்ள தள்ளிருவோம்."

"காலுக்குக் கீழே அரக்கன்?"

"அவனுக்கு ஒரு கோட்டு மாட்டுனா முதலாளி, அண்ணாச்சி."

கலைஞன் என்றால் அவன்! மக்களுக்குப் பழகிய உருவம், உள்ளே புதிய கருத்து. விடிவதற்குள் முடித்துவிட்டான். அதைப் பார்த்துத்தான் சுவரொட்டி அடித்தோம். பிறகு இதோ, இந்தச் சுவரில், சாயத்திலேயே வரைந்தோம். இப்போது வெள்ளையடித்துவிட்டார்கள். உற்றுப் பார்த்தால் கொடிக்கம்பு இன்னும் லேசாகத் தெரியும். பாருங்கள், அங்கே. இல்லை, இன்னும் மேலே. அது விரிசல். சரி, விடுங்கள்.

பெண்கள் வந்து பார்த்தார்கள். "இது யாரு அண்ணாச்சி?" என்றாள் ஒருத்தி. முப்புடாதி என்றேன். "இவ்வளவு செவப்பாவா இருந்தா?" "பல்லக் காணோமே!" "ஏளா, இப்படிச் சேலை கட்டுனா இடுப்புல நிக்குமா? இவ எங்க பீடி சுத்துவா?" சாவு வீட்டின் ஈரம் காயவில்லை, அப்போதும் இவர்களுக்குச் சிரிப்பு. நான் கோபித்துக்கொண்டேன். இது முப்புடாதி என்கிற தனியாள் இல்லை, நீங்கள் எல்லாரும்தான் என்றேன். அதற்கும் ஒருத்தி, "அப்ப எம் பல்லையாவது வச்சிருக்கலாமே அண்ணாச்சி" என்றாள்.

போகப்போக அவர்களே வழிக்கு வந்தார்கள். வந்து எங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள் தெரியுமா? செவ்வாய்க்கிழமை எலுமிச்சம்பழம் வைத்தார்கள். சுவரில் குங்குமம் அப்பினார்கள். வெளியூர்க்காரி ஒருத்தி பிள்ளைக்குத் தலைமுடி எடுக்கலாமா என்று என்னிடமே கேட்டாள். நான் மண்ணெண்ணெயும் துணியும் கொண்டுவந்து துடைப்பேன். அவர்கள் மறுபடி அப்புவார்கள். நான் மறுபடி துடைப்பேன். வருஷா வருஷம் நினைவு நாளில் மாலை போடுவேன். செருப்பைக் கழற்றிவிட்டு, குளித்து, வெள்ளை வேட்டி கட்டித்தான் போடுவேன். அது மரியாதை. பக்தி வேறு, மரியாதை வேறு. இதைப் புரியவைக்கவே எனக்கு ஆயுசு போதவில்லை.

வழக்கைச் சொல்லவில்லையே. லாரி டிரைவர் மேல் வழக்கு நடந்தது. பெண்கள் எல்லாரும் வரிசையாகப் போய்ச் சாட்சி சொன்னார்கள். உட்கார்ந்திருந்தோம், எழுந்திருக்கவில்லை, வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவள் மேல் ஏற்றினான் என்று. கம்பெனி வக்கீல் பையிலிருந்து எங்கள் சுவரொட்டியை எடுத்து விரித்தான். எங்கள் சுவரொட்டியை, தம்பி! கோர்ட்டில் எல்லாரும் பார்க்கிறார்கள். எனக்கு ஒரு கணம் பெருமையாகத்தான் இருந்தது. அவ்வளவு பெரிய கூடத்தில் நயினாரின் நிறங்கள் எடுப்பாக இருந்தன.

என்னைக் கூண்டில் ஏற்றினார்கள்.

"இது உங்கள் சங்கத்தின் சுவரொட்டியா?"

"ஆம்."

"இந்த அறிக்கை நீங்கள் எழுதியதா?"

"ஒவ்வொரு சொல்லும்."

"இதில் இந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறாளா, நிற்கிறாளா?"

கீழே பெண்கள் என்னையே பார்த்தார்கள். முப்புடாதியின் புருஷன் பார்த்தான், தோளில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியும், வக்கீல் வலை விரிக்கிறான். உட்கார்ந்திருந்தாள் என்று நான் சொல்லிவிட்டால் என்ன ஆகும்? சங்கம் பொய் அடித்துச் சுவரில் ஒட்டியது என்று மறுநாள் பத்திரிகையில் வரும். எட்டு ஊர்ச் சுவரும் பொய்யாகிவிடும். ஒரு டிரைவரை உள்ளே தள்ளுவதா பெரிது, இயக்கத்தின் வாக்கா பெரிது? நான் நிமிர்ந்து நின்று சொன்னேன்: "நிற்கிறாள்."

"அதாவது, ஓடுகிற லாரியின் முன்னால் திடீரென்று எழுந்து பாய்ந்தாள்."

"பாய்ந்தாள் என்ற சொல்லை நான் மறுக்கிறேன். லாரிதான் பாய்ந்தது. எழுந்து நின்றாள் என்பதே அறிக்கையில் உள்ள சொல்."

கொஞ்சமும் அசையவில்லை நான். டிரைவரை விட்டுவிட்டார்கள். அவள்தான் குறுக்கே வந்து விழுந்தாள் என்று ஆயிற்று. முதலாளித்துவ நீதி அப்படித்தான் இருக்கும். நாம் உண்மையைச் சொன்னாலும் அதை நமக்கு எதிராகத் திருப்பும். அதைக் கண்டித்து அன்று மாலையே அறிக்கை போட்டேன்.

எதிரே பாருங்கள், தகரப் பந்தலுக்குக் கீழே பெண்கள் பீடி சுற்றுகிறார்களே. தூணோரம் இருக்கிறவள் தங்கபுஷ்பம், முப்புடாதியின் மகள். இப்போது சங்கத்துக்கு அவள்தான் தலைவர். நான் ஆலோசகர். இந்தப் பக்கமே பார்க்கிறாள் பாருங்கள். என்ன சொல்கிறாள்?

"மாமா! அவுகளுக்குத் தண்ணி கிண்ணி குடுத்தியளா, இல்ல பேசியே அனுப்பப் போறியளா?"

குடித்துவிட்டார்! குடித்துவிட்டார்! குடிக்கவில்லைதான். பிறகு குடிக்கலாம். அங்கே போனால் அவர்கள் கதையைச் சொல்லி உங்களைக் குழப்பிவிடுவார்கள்.

சிலை வைப்பது என்று முடிவானபோது எல்லாப் பெண்களும் சேர்ந்து செய்தார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உருவம் எப்படி இருக்க வேண்டும் என்பதை யார் சொல்ல முடியும்? நான்தான் போனேன். ஞானதுரை என்று நாகர்கோவில் பக்கம் ஒரு சிற்பி. மாதா சிலை செய்வான், தலைவர்கள் சிலை செய்வான். அவன் பட்டறைக்குள் நுழைந்தால் சிரிப்பு வரும். வரிசையாக உடம்புகள், கோட்டு போட்ட உடம்பு, துண்டு போட்ட உடம்பு, எதற்கும் தலை இல்லை. தலையை மட்டும் ஆர்டருக்குச் செய்து பொருத்துவான்.

"கை எப்படி ஐயா? விரல் நீட்டவா, மடக்கவா? கட்சிக்குக் கட்சி மாறும்," என்றான்.

மடக்க வேண்டும் என்றேன். சொன்னால் புரியாது என்று நானே நின்று காட்டினேன். இடது கால் முன்னால், வலது கை மேலே. அவன் என்னைச் சுற்றி வந்து நூல் பிடித்து அளந்தான். "முகம் கொஞ்சம் ஏறட்டும் ஐயா. ஆங், அப்படியே." வெகுநேரம் நின்றேன். பொம்பளை சிலைக்கு நான் நின்றதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. வர்க்கத்துக்கு ஆண் பெண் கிடையாது.

அவன் சரி சரி என்று தலையாட்டினான். எனக்குப் பின்னால் இவர்கள் போயிருக்கிறார்கள். தங்கபுஷ்பமும் கிழவிகளும், வேன் பிடித்து. மகள் தரையில் உட்கார்ந்து காட்டியிருக்கிறாள். கிழவிகள் பக்கத்தில் நின்று, தலை இன்னும் சாயணும், கால் இப்படியில்ல, சேலை முட்டிக்கு ஏறியிருந்திச்சு என்று ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு சொல், ஒரே ஒரு சொல் என்னிடம் யாரும் சொல்லவில்லை. சாக்குப் போட்டு மூடித்தான் சிலை வந்தது. உயரம் குறைவாக இருக்கிறதே என்று கேட்டேன். பீடம் ஏறினா சரியாப் போகும் மாமா என்றாள்.

திறப்பு விழாவன்று நான் கூட்டத்தைப் பார்த்து நிற்கிறேன். சிலை எனக்குப் பின்னால். பேசினேன், தம்பி. அப்படி நான் பேசியதே இல்லை. ரஷ்யாவில் தொடங்கி இந்த வளைவு வரைக்கும் கொண்டுவந்தேன். "லாரி பாய்ந்து வந்தது. அவள் என்ன செய்தாள்? ஓடினாளா? இல்லை. ஒளிந்தாளா? இல்லை. இதோ, நிமிர்ந்து பாருங்கள் தோழர்களே, இதோ நிற்கிறாள்!" என்று கையை ஓங்கினேன். துணி விழுந்தது.

கை தட்டுவார்கள் என்று காத்திருந்தேன். பின்வரிசையில் பள்ளிக்கூடத்துப் பையன்கள் யாரோ சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தேன்.

அச்சு அசல் அவள்தான். அதுதான் குறையே. அந்தப் பல், அந்த வாய், கூட்டத்தில் குறுக்கே பேசப் போகிற மாதிரி அந்த முகம். காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள், ஒரு கையை இப்படிப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு. எனக்கு முதுகு சில்லிட்டது. ஞானதுரை எவ்வளவு பெரிய தப்பு செய்துவிட்டான் என்கிற அதிர்ச்சி.

கூட்டத்தில் கிழவி ஒருத்தி, "எம்மா, முப்புடாதி வந்துட்டா" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இன்னொருத்தி உட்கார்ந்தாள். அப்புறம் எல்லாரும். சாலை நிறைய உட்கார்ந்துவிட்டார்கள், கை கோத்துக்கொண்டு. இரண்டு பக்கமும் பஸ் நின்றுவிட்டது. நான் ஒருவன்தான் நின்றேன். மைக் கையில் இருக்கிறது.

"தங்கபுஷ்பம், இது என்ன?" என்று கேட்டேன். மைக்கை மூட மறந்துவிட்டேன், ஊருக்கே கேட்டது.

"எங்க அம்மா, மாமா."

"அவள் நின்றாள்."

"நிக்கல மாமா."

"அறிக்கையில் இருக்கிறது. கோர்ட்டில் இருக்கிறது."

"நான் அவ மடியில படுத்திருந்தேன்," என்றாள். சண்டை போடுகிற குரலில் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். "காய்ச்சலு. விட்டுட்டு வர ஆளில்ல. மடியிலதான் கிடந்தேன். அவ எந்திச்சிருந்தா நான் அப்பவே உருண்டு விழுந்திருப்பேன். லாரி வந்ததும் என்னை அந்தப் பக்கம் தள்ளிவிட்டா. இந்தக் கையாலதான். தள்ளுன கையை எடுக்கதுக்குள்ள..."

அதுதான் அந்தக் கை. நீங்கள் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டதல்லவா? ஆனால் இது குடும்ப விஷயம். பஸ்ஸில் போகிறவனுக்கு இது எப்படித் தெரியும்? தள்ளப்பட்ட பிள்ளையைச் சிலையில் காணோமே! தாய் பிள்ளையைத் தள்ளுவது தொழிற்சங்க நடவடிக்கை ஆகுமா? நான் இதைத் தங்கபுஷ்பத்திடம் நிதானமாக எடுத்துச் சொன்னேன். அம்மா, உன் வருத்தம் எனக்குப் புரிகிறது, ஆனால் உட்கார்ந்து சாகிறவள் விபத்தில் சாகிறாள், நின்று சாகிறவள்தான் தியாகி என்றேன்.

"விபத்துன்னு ஆனது நின்னான்னு சொன்னதாலதான மாமா," என்றாள்.

என்ன தர்க்கம் இது, பாருங்கள். உடனே ஒரு கிழவி எழுந்து வந்தாள். இசக்கியம்மாள், முப்புடாதிக்குப் பக்கத்தில் கை கோத்து உட்கார்ந்திருந்தவள். "அண்ணாச்சி, கோவிச்சிக்கிடாதிய," என்றாள். "லாரி வந்தாலும் எந்திக்கக் கூடாது, ஒருத்தி எந்திச்சா எல்லாரும் ஓடிருவிய, உக்காந்தா உக்காந்ததுதான்னு நீங்கதான சொல்லிக் குடுத்திய? அவ உங்க பேச்சக் கேட்டு உக்காந்திருந்தா. நின்னா நின்னாங்கியளே, அப்ப உங்க பேச்ச மீறுனாங்கியளா?"

சொன்னேன், இல்லையென்று சொல்லவில்லை. மறியல் என்றால் எங்கேயும் அப்படித்தான் சொல்வார்கள். அது பொதுவான அறிவுரை. லாரி நிற்கும் என்கிற கணக்கில் சொல்வது. நிற்காத லாரிக்கு அது பொருந்தாது என்று யோசிக்க வேண்டியது அவரவர் பொறுப்பு. முப்புடாதி யோசித்திருப்பாள். புத்திசாலி அவள். என் பேச்சை என்றைக்கு அவள் அப்படியே கேட்டாள்? எதற்கும் எதிர்க்கேள்வி போடுகிறவள், அன்றைக்கு மட்டும் சொன்ன சொல் மீறாமல் உட்கார்ந்திருப்பாளா? சொல்லுங்கள். உட்கார்ந்திருப்பாளா? அதனால்தான் சொல்கிறேன், அவள் எழுந்து நின்றாள். எழுந்துதான் இருக்க வேண்டும்.

தினமும் வருகிறேன். காலையில் வந்தால் வெயில் இறங்கித்தான் போவேன். வீட்டில் உட்கார முடியவில்லை. யாராவது சிலையைப் பார்த்து நின்றால் விஷயத்தைச் சொல்கிறேன். நீங்கள் இன்றைக்கு இரண்டாவது ஆள். முதலில் வந்தவன் பாதியிலேயே பஸ் ஏறிவிட்டான். இன்னொரு கொடுமை கேளுங்கள். இவளுக்கு யாரும் குங்குமம் வைப்பதில்லை. எலுமிச்சம்பழம் இல்லை, ஒன்றும் இல்லை. நான் மண்ணெண்ணெய்த் துணியைக் கொண்டுவந்து திரும்பக் கொண்டுபோகிறேன். பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளைகள் பீடத்தில் ஏறி அவள் மடியில் உட்கார்ந்து ஐஸ் தின்கிறார்கள். வழிகிறது. பெண்கள் இலைக் கட்டை அவள் காலடியில் சாத்திவைத்துவிட்டு ஊர்ப்பேச்சு பேசுகிறார்கள். "நீ சொல்லு முப்புடாதி" என்று நடுவில் அவளைச் சாட்சிக்கு இழுக்கிறார்கள். ஒரு பயம் வேண்டாமா? ஒரு மரியாதை வேண்டாமா? சாமியாகவும் இல்லை, தலைவியாகவும் இல்லை. சும்மா, பக்கத்து வீட்டுக்காரி மாதிரி. இதற்கா சிலை?

எழுதுங்கள், தம்பி. நீங்கள் எழுதுவது அச்சாகும். 'இச்சிலை உண்மைக்கு மாறாக உட்கார்ந்த நிலையில் அமைக்கப்பட்டுள்ளது' என்று ஒரு வரி. ஒரே ஒரு வரி. என் பெயர் வேண்டாம். வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள்.

படம் எடுத்துத்தான் ஆக வேண்டுமா? சரி. ஆனால் இவளை மட்டும் தனியாக எடுத்தால் பார்க்கிறவன் தப்பாகப் புரிந்துகொள்வான். படத்தில் யாராவது ஒருவர் நிற்க வேண்டும். நான் நிற்கிறேன். இப்படி, இவளுக்கு முன்னால். இடது கால் முன்னே. கை மேலே. முஷ்டி தெரிகிறதா? பல் தெரியாத மாதிரிப் பாருங்கள், என் பல்லைச் சொல்லவில்லை, அவள் பல்லை. எடுங்கள்.

"மாமா! அங்கன நிக்காதிய! லாரி ஏறி வந்த இடம்லா அது!"

கேட்டீர்களா? எப்போதும் இப்படித்தான். நான் எங்கே நின்றாலும் ஒன்று சொல்வாள். வேறே எங்கே நிற்பதாம்? பின்னால் நின்றால் நான் தெரிய மாட்டேன். அந்தப் பக்கம் நின்றால் அவள் கை என்னைத் தள்ளுகிற மாதிரி இருக்கும். உட்காரவா முடியும்? எனக்குக் காலை மடக்கி நீட்டி வராது. இங்கேதான் நிற்பேன். பந்தல் பக்கம் பார்க்காதீர்கள், தம்பி, எழுந்து வருகிறாள், வரட்டும், நீங்கள் என்னைப் பாருங்கள். எடுத்தாயிற்றா? இன்னும் இல்லையா? சீக்கிரம். இப்படிக் கையைத் தூக்கிக்கொண்டு ஒரு மனுஷன் எவ்வளவு நேரம் நிற்க முடியும்?